பன்றி லைட் மக்கர் செய்கிறதா? என்ன தெரிகிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்

மலேசியாவின் பினாங்கில் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் செம்பனைக் கன்று வைத்திருப்பவர்களுக்குக் காட்டுப் பன்றியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலம் பார்த்த கன்று காலையில் இருக்காது. குருத்தை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு மீதியை மல்லாத்திப் போட்டிருக்கும். மரவள்ளிப் பாத்தி என்றால் கேட்கவே வேண்டாம், ஏர் ஓட்டிய மாதிரி கிடக்கும். அதனால் எங்கள் பக்கம் ராக்காவலுக்குப் போகிறவர்கள், உரிமம் வாங்கி வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லாரிடமும் சொந்தமாகச் செய்த 'பன்றி லைட்' ஒன்று இருக்கும். பச்சை எல்இடி, ஒரு துண்டு அலுமினியக் குழாய், தோளில் தொங்கும் 12 வோல்ட் பேட்டரி. கெட்டுப்போனால் அது என் வீட்டுப் போர்ச்சுக்கு வந்துவிடும்.

வருகிறவர்கள் சொல்வது ஒன்றேதான். "அண்ணே, எல்இடி போச்சு, புதுசு மாத்திக் கொடுங்க." திறந்து பார்த்தால் எல்இடி நன்றாகத்தான் இருக்கும். பேட்டரியிலிருந்து அதுவரைக்கும் கரண்டு வருகிற வழியில்தான் எங்கேயாவது அடைப்பு இருக்கும். ஆகவே பாகம் பாகமாகச் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிகிற கோளாறை வைத்துச் சொல்கிறேன். உங்கள் லைட்டுக்கு எது பொருந்துகிறதோ நேராக அங்கே போங்கள். கையில் ஒரு மல்டிமீட்டர் வேண்டும், மலிவானது போதும். மீட்டர் இல்லாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பேன் என்பவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சாமான் கடைக்காரருக்குக் கொண்டாட்டம், அவ்வளவுதான்.

நான் இப்போது செய்கிற அமைப்பு இது. நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டில் ஒட்டி வருகிற 3 வாட் பச்சை எல்இடி இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில். அவற்றுக்கு 700 மில்லிஆம்பியரை மாறாமல் தருகிற சின்ன டிரைவர் பலகை. 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 2 ஆம்பியர் ஃபியூஸ். பச்சை எல்இடி ஒன்று 3.4 வோல்ட் வரைக்கும் கேட்கும், சிவப்புக்கு இரண்டரைக்குள் போதும். உங்களுடையது வேறு மாதிரி என்றால் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. லைட் செய்வதற்கு யாரையும் கேட்க வேண்டாம். வேட்டைக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும், துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம் தனி. உரிமத்தில் எந்த இடம், எந்த நேரம் என்று போட்டிருக்கிறதோ அதுதான் எல்லை. லைட் நன்றாக எரிகிறது என்பதற்காக அந்த நேரம் நீளாது.

சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே இல்லை

முதலில் பேட்டரியை அளங்கள். சும்மா வைத்திருக்கும்போது 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி, சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். வோல்ட் சரியாக இருந்தால் மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலேயே வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை மட்டும் நகர்த்திக்கொண்டே போங்கள். ஃபியூஸுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சுவிட்சுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அப்புறம் டிரைவரின் நுழைவாய். 12 எங்கே காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் சுவிட்ச். நம் ஊர் ஈரத்தில் உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் களிம்பு ஏறிவிடும். சுவிட்சைப் போட்ட நிலையில் அதன் இரண்டு காலுக்கும் குறுக்கே அளந்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் தேய்த்துக்கொண்டு உட்காராமல் மாற்றிவிடுங்கள்.

டிரைவர் வாசல் வரை 12 வந்துவிட்டதா? இப்போது டிரைவர் வெளியே தருவதை அளங்கள். எல்இடி இணைப்பில் இருக்கும்போதே 12-ஐ ஒட்டிக் காட்டினால் டிரைவர் தள்ளுகிறது, வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று அர்த்தம். எல்இடி பக்கம் ஒரு வயர் விட்டிருக்கும். சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால் டிரைவர்தான் போயிருக்கிறது. அந்த நேரத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி, "பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டினது யாரு?" வீட்டில் யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள். இருட்டில் தானாகவே மாறியிருக்கும்! பிளஸ் வயரில் 1என்5822 டயோடு ஒன்றைத் தொடராகப் போட்டுவிட்டால் இந்த வழக்கே வராது. அரை வோல்ட் அளவுக்கு அது தின்னும், தின்றுவிட்டுப் போகட்டும்.

எல்இடி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 9 வோல்ட் பேட்டரியும் 1 கிலோஓம் ரெசிஸ்டரும் போதும். தொட்டதும் இலேசாக எரிய வேண்டும். மீட்டரில் டயோடு சோதிக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தால் சிவப்பு மினுக்கும், பச்சைக்குச் சில மீட்டர்களின் வோல்ட் எட்டாது. அதைப் பார்த்துவிட்டு நல்ல எல்இடியைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

இரண்டில் ஒன்று மட்டும் எரிகிறது

தொடரில் இருக்கும் இரண்டில் ஒன்று எரிகிறது என்றால் மற்றதைச் சுற்றிக்கொண்டு கரண்டு குறுக்கு வழியில் போகிறது. பற்றவைத்த இடத்தில் சொட்டி நிற்கும் ஈயத்தைப் பாருங்கள். அலுமினியத் தட்டு இல்லாமல் வெறும் எல்இடி மணியை நேராகக் குழாயில் ஒட்டியிருந்தால் அடிப்பாகத்தையும் பாருங்கள். சில மலிவு மணிகளில் அடியில் இருக்கும் உலோகம் ஒரு காலோடு சேர்ந்தே இருக்கும். இரண்டையும் ஒரே அலுமினியத்தில் உட்கார வைத்தால் உள்ளுக்குள் கை கோத்துக்கொள்ளும்.

வீட்டில் பளிச், தோட்டத்தில் மங்கல்

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஆரம்பத்தில் மூன்று பச்சை எல்இடியைத் தொடராக வைத்து, எல்எம் 317 என்கிற மூன்று கால் சில்லும் 1.8 ஓம் ரெசிஸ்டரும் போட்டுச் செய்தேன். 1.25-ஐ 1.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.7 ஆம்பியர், கணக்கு சரி. மேசையில் வைத்து எரித்தேன், சுவர் முழுக்கப் பச்சை. தோட்டத்துக்குக் கொண்டுபோனால் மின்மினிக்கு அண்ணன் மாதிரி எரிகிறது. திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் மறுபடியும் பளிச். மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், மேசையில் இருக்கும்போதெல்லாம் பேட்டரியில் சார்ஜர் மாட்டியே இருந்திருக்கிறது. மீட்டரில் 13.8. சார்ஜரைக் கழற்றியதும் 12.6.

மூன்று பச்சைக்கு 10.2 வோல்ட், எல்எம் 317 தன் பங்குக்குக் குறைந்தது 3 வோல்ட் வைத்துக்கொள்ளும். மொத்தம் 13.2. சார்ஜர் இருந்தால் எட்டும், தோளில் தொங்கும் பேட்டரிக்கு எட்டவே எட்டாது. அன்றோடு மூன்றை விட்டுவிட்டு இரண்டுக்கு வந்தேன். இரண்டுக்கு 6.8 வோல்ட் போதும், பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் டிரைவருக்கு இடம் மிச்சம். வெளிச்சம் குறையுமே என்பார்கள். எட்டாத மூன்றைவிட எட்டுகிற இரண்டு நன்றாகவே எரியும். நான்கு பச்சையைத் தொடரில் போட்டு வைத்திருப்பவர்கள், அதிலும் ஒரு ரெசிஸ்டரோடு விட்டிருப்பவர்கள், இதற்கு மேல் படிக்க வேண்டாம். கோளாறு அங்கேயேதான்.

கம்பத்தில் மாட்டிய லைட் மங்கலாக இருந்தால் கதை வேறு. வயரைப் பாருங்கள். பேட்டரி குடிசையில், லைட் 20 மீட்டர் தள்ளி என்று வையுங்கள். கரண்டு போய்த் திரும்ப 40 மீட்டர். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அதற்கு ஏறக்குறைய 1.4 ஓம் வரும். நாலைந்து லைட் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 2.8 வோல்ட் செலவு. லைட் எரியும்போது பேட்டரியில் ஒருமுறை, கம்பத்தில் ஒருமுறை அளந்தால் வித்தியாசம் அப்படியே தெரிந்துவிடும். எரியாதபோது அளக்கக்கூடாது. கரண்டு ஓடாத வயரில் வோல்ட் இறங்காது, எல்லாம் நன்றாக இருப்பது மாதிரி பொய் சொல்லும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் அந்த இழப்பு மூன்றில் ஒன்றாகிவிடும்.

நன்றாக எரிந்தது, கால் மணி நேரத்தில் மங்கிவிட்டது

இரண்டு சந்தேகம். ஒன்று சூடு, இன்னொன்று பேட்டரி. பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். பளிச்சென்று எரிந்தால் "சூடுதான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தச் சோதனையை நம்பாதீர்கள். ஓய்ந்துபோன ஈயப் பேட்டரியும் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் எழுந்து உட்காரும், அப்புறம் மறுபடி படுத்துவிடும். மங்கிய அந்த நேரத்தில், லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே பேட்டரியை அளங்கள். 12-ஐ ஒட்டி நிற்கிறதா? பேட்டரிமேல் பழி இல்லை, குழாயைத் தொட்டுப் பாருங்கள். 11-க்குப் போய்விட்டதா? பேட்டரிதான்.

குழாயைத் தொடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குழாய் சுட்டால் நல்லது. எல்இடியின் சூடு வெளியே வருகிறது. குழாய் சில்லென்று இருந்து லைட் மங்கினால்தான் ஆபத்து, சூடு உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. பிவிசி குழாயில் செய்தவர்களுக்கு இது கண்டிப்பாக வரும், பிளாஸ்டிக் சூட்டை விடாது. போன மாதம் ஒரு பையன் கொண்டுவந்ததைத் திறந்தேன். குழாய் நல்ல அலுமினியம்தான். ஆனால் எல்இடித் தட்டை ஃபோட்டோ மாட்டுகிற பஞ்சு டேப்பால் ஒட்டியிருந்தான். டேப் பழுப்பேறி, ஓரத்தில் கருகி, தட்டைத் தூக்கினால் பாகு மாதிரி இழுத்தது. எல்இடியின் வெள்ளை ஓரமும் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. சூடு கடத்தும் பசையை வாங்கி, காகிதம் அளவுக்கு மெல்லிசாகத் தடவி, இரண்டு திருகு போட்டு இறுக்கச் சொன்னேன். பசையை ரொட்டிக்கு வெண்ணெய் மாதிரி அப்பினாலும் கெடுதல்தான். உலோகம் உலோகத்தை ஒட்ட வேண்டும், பசை இடையில் இருக்கும் பள்ளத்தை நிரப்பினால் போதும்.

சிவப்பு லைட் வைத்திருப்பவர்களுக்கு மங்கல் இன்னும் சீக்கிரம் தெரியும். அந்த எல்இடியின் பொருளே வேறு. சூடு ஏற ஏறப் பச்சையைவிடச் சிவப்பு அதிகமாக வெளிச்சத்தை இழக்கும்.

பட்டென்று அணைகிறது, திரும்பப் போட்டால் ஒரு மின்னல், மறுபடி இருட்டு

18650 என்கிற லித்தியம் செல் மூன்றைத் தொடரில் வைத்துச் செய்தவர்களின் கோளாறு இது. மங்காமல், முன்னறிவிப்பே இல்லாமல் அணையும். பாதுகாப்புப் பலகை கதவைச் சாத்திவிட்டது. மொத்த வோல்ட்டை அளந்து ஏமாறாதீர்கள், மூன்று செல்லையும் தனித்தனியாக அளங்கள். இரண்டு 3.7-இல் இருக்கும், ஒன்று மட்டும் 2.6-இல் நொண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் பலகை எல்லாவற்றையும் நிறுத்துகிறது. பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த செல்லைக் கலந்துகட்டிப் போட்டால் இப்படித்தான் ஆகும். மூன்றும் ஒரே வயது, ஒரே அளவு என்று இருக்க வேண்டும்.

2 வோல்ட்டுக்கும் கீழே போய் நாட்கணக்கில் கிடந்த செல்லை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, சார்ஜ் போடும்போது தீப்பிடிக்கலாம். ஒருவர் பலகையைத் தாண்டி நேராக ஒரு வயரைப் போட்டு "இப்ப சூப்பரா எரியுதுலா" என்று சந்தோஷமாகக் காட்டினார். அந்த லைட்டை நான் வாங்கி வீட்டுக்குள் வைக்கவில்லை. போர்ச்சில், சிமெண்டுத் தரையில், காரை வெளியே எடுத்துவிட்டுத்தான் பிரித்தேன்.

நடக்கும்போது மினுக்குகிறது

பேட்டரி முனையில் மாட்டும் பித்தளைச் செருகியை ஆட்டிப் பாருங்கள். 7 ஆம்பியர்-மணிப் பேட்டரிகளில் நாக்கு இரண்டு அளவில் வரும். ஒன்று 4.8 மில்லிமீட்டர் அகலம், இன்னொன்று 6.3. பெரிய செருகியைச் சின்ன நாக்கில் மாட்டினால் போகத்தான் செய்யும், ஆனால் வாய்க்கு அளவில்லாத பல்செட் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருந்தால் எரியும், நாலு அடி வைத்தால் மினுக்கும். குறடால் நசுக்கி ஒப்பேற்றலாம், ஒரு வாரம் தாங்கும். சரியான அளவை மாட்டுவது சில காசு விஷயம்.

அங்கே கோளாறு இல்லையென்றால் எல்இடித் தட்டில் ஈயம் வைத்த இடம். அலுமினியத் தட்டு சூட்டை இழுத்துக்கொள்வதால் 25 வாட் அயர்ன் வைத்தால் ஈயம் உருகும், ஆனால் ஒட்டாது. முத்து மாதிரி உருண்டு நிற்கும். பார்க்க அழகு, வயரை இழுத்தால் கையோடு வரும். 60 வாட் அயர்ன் எடுங்கள். தட்டைக் குழாயில் மாட்டுவதற்கு முன்பே பற்றவைத்துவிடுங்கள், மாட்டிய பிறகு என்றால் குழாயும் சேர்ந்து சூட்டைக் குடிக்கும்.

வெளிச்சம் பலமாக இருக்கிறது, எதிரே ஒன்றும் தெரியவில்லை

கண்ணுக்குப் பக்கத்தில் லைட்டை வைத்திருக்கிறீர்கள். மழை விட்ட ராத்திரியில் காற்றில் மிதக்கும் ஈரமும் முன்னால் இருக்கும் இலையும் வெளிச்சத்தைத் திருப்பி உங்கள் கண்ணுக்கே அனுப்பும். தலையிலிருந்து கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்துப் பாருங்கள், திரை விலகின மாதிரி இருக்கும். லென்ஸ் 60 டிகிரி என்றால் அது பக்கத்து இலைக்குத்தான் உதவும். தூரத்துக்கு 10 அல்லது 15 டிகிரி லென்ஸ் போடுங்கள். வெள்ளைச் சுவரில் ஐந்து மீட்டரிலிருந்து அடித்துப் பார்த்தால் நடுவில் நிறைவான வட்டம் விழ வேண்டும். நடுவில் ஓட்டை, சுற்றி வளையம் என்றால் லென்ஸ் எல்இடிமேல் முழுதாக உட்காரவில்லை.

லென்ஸில் ஈசல் அப்பிக்கொண்டால் அது கோளாறு இல்லை, வெள்ளை லைட் வாங்கியதன் விலை. பச்சைக்குக் குறைவாக வரும், சிவப்பைப் பெரும்பாலும் சீண்டாது.

லைட் அடித்ததும் பன்றி ஓடிவிடுகிறது

லைட்டைப் பழுது பார்க்கச் சொல்லிக் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு உண்மையில் இதுதான் குறை. லைட்டில் ஒரு பழுதும் இருக்காது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் கழித்துவிடுவோம். "பன்றிக்குப் பச்சை தெரியாது" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நன்றாகவே தெரியும். பன்றியின் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் இரண்டு வகை. ஒன்று 439 நானோமீட்டரை ஒட்டிய நீலத்துக்கு, இன்னொன்று 556-ஐ ஒட்டிய பச்சைக்கு. நம் பச்சை எல்இடி 525 பக்கம் எரிகிறது, பன்றிக்கு அது கண்ணெதிரேதான். 630 பக்கம் இருக்கும் சிவப்புதான் அதற்கு மங்கலாகப் படும். அப்படியானால் ஏன் பச்சை? அது நமக்காக. இருட்டில் பழகிய மனிதக் கண்ணுக்குப் பச்சைதான் குறைந்த வெளிச்சத்திலேயே தெரியும். கொஞ்சமாக எரித்தாலே நமக்குப் போதும் என்பதுதான் லாபம், பன்றிக்குத் தெரியாது என்பதில்லை. பச்சையை வாங்கி முழு வேகத்தில் அடித்தால் அந்த லாபமும் போச்சு. பக்கத்தில் பார்க்கச் சிவப்பு, தூரத்துக்குக் குறைத்து வைத்த பச்சை, பாம்பு பார்க்கவும் ரத்தத் தடம் பார்க்கவும் ஒரு வெள்ளை டார்ச் என்பது என் கணக்கு. பச்சையிலும் சிவப்பிலும் ரத்தம் ரத்தமாகத் தெரியாது.

குறைப்பதற்கு வழி டிரைவரிலேயே இருக்கிறது. பிடி 4115 சில்லு வைத்த பலகைகளில் டிம் என்று ஒரு கால் உண்டு. சும்மா விட்டால் முழு வெளிச்சம். அதற்கு அரை வோல்ட்டிலிருந்து இரண்டரை வோல்ட் வரை கொடுத்தால் வெளிச்சம் ஏறும் இறங்கும். ஒரு குமிழ் ரெசிஸ்டர் வைத்து அடியிலிருந்து மெதுவாகத் திருகி ஏற்றுங்கள். டக்கென்று சுவிட்ச் போடும் சத்தமும், திடீரென்று தரையில் ஓடும் நிழலும்தான் பன்றியைக் கிளப்பும். முதலில் செம்பனை மட்டைக்கு மேலே அடித்துவிட்டு அப்புறம் மெல்லக் கீழே இறக்குங்கள்.

இவ்வளவும் செய்து ஓடுகிறதா? ஒரு ராத்திரி லைட்டே போடாமல் அதே இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அப்போதும் உறுமிவிட்டு ஓடினால் காற்று உங்கள் முதுகிலிருந்து அது இருக்கும் பக்கம் வீசுகிறது. பன்றி கண்ணை நம்பி வாழ்கிற பிராணி இல்லை. நீங்கள் தடவிய கொசு எண்ணெயை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடும். அதற்கு எந்த டிரைவரும் கிடையாது.

பன்றியின் கண் மின்னவே இல்லை

மின்னாது. மாடு, ஆடு, நாய், பூனை, முசாங் என்கிற மரநாய் இவற்றுக்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, லைட் பட்டால் தணல் மாதிரி எரியும். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. லைட் பலம் போதவில்லை என்று நினைத்து மேலும் இரண்டு எல்இடி சேர்க்கச் சொன்னவரிடம் இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அப்ப மினுக்குறதை விட்டுட்டு மினுக்காததைச் சுடணுமா?" என்றார் சிரித்துக்கொண்டே.

மினுக்காத கண் இன்னொன்றும் இருக்கிறது. மனிதக் கண். அந்தப் படலம் நமக்கும் இல்லை. மட்டைக்குப் பின்னால் குந்தியிருக்கும் கறுத்த உருவம், கண் மின்னவில்லை, அசைகிறது. அது பன்றியாக இருக்கலாம், உதிரிப் பழம் பொறுக்க வந்த ஆளாகவும் இருக்கலாம். பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட செய்தி நம் நாட்டுப் பத்திரிகையில் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் துப்பாக்கியில் மாட்டும் லைட்டை நான் செய்து தருவதில்லை. லைட் குழலில் இருந்தால், ஒன்றை என்னவென்று பார்ப்பதற்கே குழலை அதன்மேல் திருப்ப வேண்டியிருக்கிறது. லைட் ஒருவர் கையில் தனியாக இருக்கட்டும். காது, மூக்கு, வால், நாலு கால் என்று முழு உருவமும் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் விழ வேண்டும். அந்த அளவுக்கு விழவில்லை என்றால் அதுவும் லைட்டின் கோளாறுதான். மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று, போய்ப் பாருங்கள்.

சென்சார் லைட் சும்மா சும்மா எரிகிறது, அல்லது அணையவே மாட்டேன் என்கிறது

வேட்டைக்குப் போகாமல் விரட்டினால் போதும் என்பவர்கள் வேலியோரம் ஆள் நடமாட்டச் சென்சார் வைத்து லைட் மாட்டுகிறார்கள். பெரும்பாலும் எச்.சி-எஸ்.ஆர் 501 என்கிற வெள்ளைக் குமிழ் வைத்த சின்னப் பலகைதான். கரண்டு கொடுத்த முதல் ஒரு நிமிடம் அது கண்டபடி எரியும், அப்போது முடிவெடுக்காதீர்கள். அதற்கப்புறமும் எரிந்தால் எதிரே ஆடும் வாழை இலையைப் பாருங்கள். அது பார்ப்பது உருவத்தை இல்லை, சூட்டின் அசைவை. வெயிலில் காய்ந்த இலை காற்றில் ஆடினால் அதற்கு அது விருந்தாளி. மேற்கு பார்த்து வைக்காதீர்கள், இலையை வெட்டுங்கள், உணர்வைக் குறைக்கும் திருகை இறக்குங்கள். ஏழு மீட்டருக்கு மேல் அது பார்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அணையவே இல்லை என்றால் நேரத் திருகு கடைசி வரை போயிருக்கிறதா என்று பாருங்கள், சில நொடியிலிருந்து ஐந்து நிமிடம் வரை அது நீளும். இல்லையென்றால் லைட்டின் சூடான முகம் சென்சாரின் பார்வையில் இருக்கிறது. தானே எரிந்து, தானே சூடாகி, தன்னையே பார்த்து மறுபடி எரிகிறது. ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

மங்கலாக எரிந்து, லைட்டுக்குக் கரண்டைத் திறந்துவிடும் டிரான்சிஸ்டர் மட்டும் கொதிக்கிறதா? ஐஆர்எஃப் 540 போட்டிருப்பீர்கள். அது முழுசாகத் திறக்க 10 வோல்ட் கேட்கும், சென்சார் கொடுப்பதோ 3.3. கதவு பாதிதான் திறக்கிறது, மீதி சூடாகப் போகிறது. குறைந்த வோல்ட்டில் திறக்கும் ஐஆர்எல்இசட் 44என் மாதிரி ஒன்றைப் போடுங்கள், கால் வரிசை அதேதான்.

கண்ணாடிக்குள் வியர்வை, பெட்டிக்குள் எறும்பு

முழுக்க அடைத்தாலும் ஈரம் உள்ளே போகும், போனது வெளியே வராது. அடியில் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள், கொசுவலைத் துணியால் மூடுங்கள். காடி வாடை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், அந்த அமிலம் செம்பைத் தின்னும். வாடை இல்லாத வகை என்று கேட்டு வாங்குங்கள். எறும்புக்கு நான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. ஒருமுறை டிரைவர் பலகைமேல் முட்டையோடு குடும்பமே இருந்தது, கதகதப்பாக இருக்கிறது போல.

சார்ஜ் போட்ட பத்து நிமிடத்தில் நிறைந்துவிட்டது என்கிறது

சந்தோஷப்படாதீர்கள். காலியான ஈயப் பேட்டரியை அப்படியே மூலையில் போட்டு இரண்டு மாதம் மறந்திருக்கிறீர்கள். இடையில் பன்றி வராத காலத்தில் எல்லாரும் மறந்ததுதான். தட்டில் ஈய சல்ஃபேட் இறுகிப்போய் சார்ஜை வாங்கவே மாட்டேன் என்கிறது, சார்ஜரும் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. ராத்திரி திரும்பியதும், எவ்வளவு தூக்கம் வந்தாலும், சார்ஜரில் மாட்டிவிட்டுப் படுத்தால் இது வராது. 7 ஆம்பியர்-மணியில் பாதிக்கு மேல் இழுக்காமல் இருந்தாலே நல்லது. இரண்டு எல்இடி லைட்டுக்கு அந்தப் பாதியே ஏழு மணி நேரம் வரும். இறுகிப்போனதைப் பழைய பேட்டரி எடுக்கிறவரிடம் போட்டுவிடுங்கள், ஈயத்தின் எடைக்கு ஏதாவது காசு கொடுப்பார்.